கழலாத ட்ரெயின் போல்ட், மழுங்கிய பிளக்: அறிகுறியைப் பார்த்துக் கழற்றும் முறை

காருக்கு அடியில் படுத்து, பழைய எண்ணெயை வடிப்பதற்கான ட்ரெயின் போல்ட்டைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. அந்தப் போல்ட் அசையாமல் நின்றாலோ அதன் தலை மழுங்கிப்போனாலோ அதே வேலை ஒரு முழு நாளை விழுங்கிவிடும். மதுரைக்கும் மேலூருக்கும் இடையே பட்டறை நடத்தும் எங்களிடம் இந்தப் பழுதோடு வரும் கார்களில் பெரும்பாலானவற்றில், ஸ்பேனர் ஒருமுறை வழுக்கிய பின்னும் அதே ஸ்பேனரை மாட்டி மீண்டும் மீண்டும் இழுத்திருப்பார்கள். முதல் வழுக்கலில் முனைகள் சற்றே தேயும். மூன்றாவது இழுப்பில்தான் தலை வட்டமாகும். ஆகவே ஸ்பேனர் முதல் தடவை வழுக்கியதும் கையை எடுத்துவிட்டு, கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறி எது என்று பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. இறுகிய போல்ட்டை இழுக்கும்போது வண்டி பக்கவாட்டில் அசையும். அந்த அசைவைத் தாங்க ஜாக் ஸ்டாண்டோ, சர்வீஸ் குழியோ, லிஃப்ட்டோ கட்டாயம் வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும், சித்திரை வெயிலில் தார்த் தரையிலும் புதையும் என்பதால், அடியில் கனமான பலகை ஒன்றைப் போடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

கியர் பாக்ஸ் அல்லது டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றுவதாக இருந்தால், மேலே உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது கழன்று கைக்கு வந்த பிறகுதான் கீழே உள்ள ட்ரெயின் பிளக்கைத் தொட வேண்டும். எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, அதன் பிறகு நிரப்பும் பிளக் அசையவில்லை என்று தெரிந்தால், வண்டியை ஓட்டவும் முடியாது, பட்டறைக்குக் கொண்டுபோகவும் முடியாது. இந்த நிலையில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களை வீட்டுக்கு அழைத்தவர்கள் பலர். அழைத்தவர்களில் அனுபவமுள்ள ஓட்டுநர்களும் இருந்திருக்கிறார்கள்.

திசையையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்க்கும் நிலையிலிருந்து இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மல்லாந்து படுத்து, தலைக்குப் பின்புறம் கையை நீட்டி வேலை செய்யும்போது இந்தக் கணக்கு எளிதாகப் புரண்டுவிடும். இறுகிய போல்ட்டை மேலும் இறுக்கிக்கொண்டே "கழலவில்லை" என்று சொல்வது புதியவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. சேம்பர் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) மீது சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டுவைத்தால் குழப்பம் வராது.

அறிகுறி 1: தலை நன்றாக இருக்கிறது, ஆனால் போல்ட் அசையவே இல்லை

பெரும்பாலும் காரணம், சென்ற முறை மாட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கியதுதான். 14 மி.மீ. மரை கொண்ட ட்ரெயின் போல்ட்டுக்குப் பல சிறிய கார்களில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் போதும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பாருங்கள். 40 நியூட்டன் மீட்டர் என்பது 25 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 16 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதே 16 கிலோ விசையை 60 செ.மீ. பைப்பை மாட்டிக் கொடுத்தால், 90 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். இம்பாக்ட் கன்னால் இறுக்கியிருந்தால் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். கம்பி பிரஷ்ஷால் தலையையும் அதைச் சுற்றிய இடத்தையும் பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். சோழவந்தான் பக்கத்து வயல் வரப்புகளில் ஓடும் வண்டிகளில், களிமண்ணும் எண்ணெயும் சேர்ந்து காய்ந்து, தலையின் அடிப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பொருக்காகப் படிந்திருக்கும். அதன் மேல் சாக்கெட்டை மாட்டினால் அது முழு ஆழத்துக்கு இறங்காது, தலையின் நுனியை மட்டும் பிடிக்கும். வழுக்கல் தொடங்குவது அங்கேதான்.

அடுத்து, ஆறு பட்டை சாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு முனை உள்ள ரிங் ஸ்பேனர் போல்ட்டின் முனைகளை மட்டும் கவ்வும். ஆறு பட்டை சாக்கெட் பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும். திறந்த வாய் ஸ்பேனரை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். சாக்கெட்டைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி முழுதாக இறக்குங்கள். பிறகு நீளமான பவர் பாரை மாட்டி, ஒரு கையால் சாக்கெட்டின் பின்புறத்தைப் போல்ட் மீது அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். நிதானமாகக் கூட்டிக்கொண்டே போகும் விசையைவிட இந்த ஒற்றை இழுப்புக்கு இறுக்கம் எளிதில் விட்டுக்கொடுக்கும்.

அப்படியும் வரவில்லை என்றால், போல்ட்டின் தலை நடுவில் ஒரு மட்டக் கம்பியை வைத்து, நடுத்தரச் சுத்தியலால் நான்கைந்து முறை நேராகத் தட்டுங்கள். ட்ரெயின் போல்ட்டின் மரை எப்போதும் எண்ணெயில் ஊறிக்கொண்டே இருப்பதால் உள்ளே துரு பிடிப்பது அரிது. வாஷரும் சேம்பரும் சேரும் முகத்தில்தான் பிடிப்பு இருக்கும். அந்தப் பிடிப்பைத் தட்டல் உடைக்கும். துரு நீக்கும் ஸ்பிரேயைக் கேன் கணக்கில் அடிப்பதால் இங்கே பெரிய பயன் இல்லை. டிஃபரன்ஷியலின் நிரப்பும் பிளக் வேறு வகை: அதன் வெளிப்புறம் சேறும் தண்ணீரும் படும்படி இருக்கும். மாதம் இருமுறை ராமேஸ்வரம் போய்வரும் டாக்சிகளில் உப்புக்காற்றுத் துருவும் சேரும். அதற்கு ஸ்பிரே அடித்து ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் காலையில் முயன்றால் நல்ல பலன் கிடைக்கும்.

சேம்பர் அல்லது கியர் பாக்ஸ் உடல் அலுமினியமாக இருந்தால், வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது முயலுங்கள். அலுமினியம் வெப்பத்தில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடிப்பு சற்றுத் தளரும். கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால் தோல் உரிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். கையுறை போட்டு, முகத்தைப் போல்ட்டுக்கு நேர் கீழே வைக்காமல் வேலை செய்யுங்கள். எண்ணெய் இருக்கும் சேம்பரில் கேஸ் விளக்கின் தீயைக் காட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

60 செ.மீ. பாரைப் போட்டும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். தலை இன்னும் நன்றாக இருப்பது பெரிய சொத்து. அதோடு பட்டறைக்குப் போனால், லிஃப்ட்டில் ஏற்றிச் சில நிமிடங்களில் கழற்றிவிடுவார்கள்.

அறிகுறி 2: சாக்கெட் வழுக்குகிறது, முனைகள் சற்றே மழுங்கியிருக்கின்றன

இந்த இடத்தில்தான் வேலை பிழைப்பதும் கெடுவதும் தீர்மானமாகிறது.

போல்ட் கழல்வதும் தலை வழுக்குவதும் கைக்கு முதலில் ஒன்று போலவே தெரியும். எங்களிடம் வேலை பழகிய பையன் ஒருவன், பாரை இழுத்துக்கொண்டே "குடுத்துருச்சுண்ணே" என்று மகிழ்ச்சியோடு சொன்னான். நான் குனிந்து பார்த்தபோது பார் கால் சுற்று நகர்ந்திருந்தது, போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. சாக்கெட்டின் வாயில் வெள்ளி நிறத்தில் மெல்லிய சீவல் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து, இறுகிய போல்ட் எதுவானாலும் தலையிலிருந்து சேம்பர் வரை சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்த பிறகுதான் பாரை மாட்ட வேண்டும் என்பது எங்கள் பட்டறையில் வழக்கம். கோடு இரண்டாகப் பிரிந்தால் போல்ட் திரும்புகிறது. கோடு பிரியாமல் பார் மட்டும் நகர்ந்தால் தலை தேய்கிறது. கழலும் போல்ட் "டக்" என்ற கூர்மையான ஓசையோடு விடும். வழுக்கும் தலையிலோ ஓசை இராது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கை மெத்தென்று முன்னே போகும்.

எளிய காரணம், அளவு தவறிய சாக்கெட். 17 மி.மீ. தலைக்கு 11/16 அங்குலச் சாக்கெட் மாட்டிக்கொள்ளும், ஆனால் அது கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் பெரியது. ஏற்கெனவே தேய்ந்த தலைக்கு அந்த அரை மில்லிமீட்டரே போதும். சாக்கெட்டில் பொறித்திருக்கும் எண்ணை வெளிச்சத்தில் பாருங்கள். முன்பு யாரோ போல்ட்டை மாற்றியிருக்கலாம் என்பதால், கையேட்டில் உள்ள அளவை மட்டும் நம்பாமல் வெர்னியர் காலிப்பரால் தலையின் எதிரெதிர்ப் பக்கங்களை அளந்துகொள்ளுங்கள்.

சரியான ஆறு பட்டை சாக்கெட்டிலும் வழுக்கினால், அடுத்த சிறிய அளவைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். 17 மி.மீ. தலைக்கு 16 மி.மீ. சாக்கெட். அது மேலே உட்கார மறுத்தால், அரத்தால் எதிரெதிர்ப் பக்கங்களைச் சமமாகச் சீவி இடம் ஏற்படுத்தலாம். இதற்கு விலை மலிந்த பழைய சாக்கெட் ஒன்றை ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் அது விரிசல் விடக்கூடும். கண்ணாடி அணியாமல் அடிக்காதீர்கள். அலுமினியச் சேம்பரில் இந்த அடி நேர் மேல் நோக்கி மட்டும் விழ வேண்டும். பக்கவாட்டில் விழும் அடி சேம்பரையே விரிசல் விடச் செய்யும்.

அதற்கு அடுத்த படி, உட்புறம் திருகு வரிகள் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். இடஞ்சுழியாகத் திருப்பத் திருப்ப அது தலையை இன்னும் ஆழமாகக் கடிக்கும். வீட்டிலேயே வேலை செய்பவர் ஒரு செட் வாங்கிவைப்பது வீண் செலவு அல்ல. அதை அடித்து ஏற்றிய பின் ராட்செட்டை மாட்டாமல் பவர் பாரை மாட்டுங்கள், ராட்செட்டின் பற்கள் இந்த விசைக்கு உடைந்துபோகும்.

கிரிப் பிளையர் கடைசித் துணைதான். பிளையரின் வாய் தலையின் பக்கங்களில் முழுதாகப் படியும் இடம் இருந்தால், திருகை நன்றாக இறுக்கிப் பூட்டி, பிளையரின் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டித் திருப்பலாம். சிறிய பைப் ரெஞ்சும் இதே வேலையைச் செய்யும். பிளையர் ஒருமுறை வழுக்கினாலே தலை வட்டமாகிவிடும் என்பதால், எக்ஸ்ட்ராக்டர் கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்போது பிளையரைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி 3: தலை முழுவதும் வட்டமாகிவிட்டது

முதலில் பதற்றத்தை விட்டுவிட்டு ஒன்றை யோசியுங்கள்: இன்று உங்களுக்குத் தேவை எண்ணெய் மாற்றமா, போல்ட்டா? எஞ்சின் எண்ணெய் மட்டும் என்றால், டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை இறக்கி, கைப் பம்பால் பழைய எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடலாம். பிறகு ஃபில்டரை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியை வழக்கம்போல ஓட்டலாம். அடியில் சிறிது எண்ணெய் தங்கும் என்றாலும் அதனால் எஞ்சினுக்குக் கேடு வந்துவிடாது. போல்ட் வேலையை வசதியான ஒரு நாளுக்குத் தள்ளிப்போடலாம். வெளியூர்ப் பயணத்துக்கு முதல் நாள் மாலையில் இந்தப் பழுதோடு வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கழற்றியே ஆக வேண்டும் என்றால், எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டில் தலையைவிடச் சிறிய அளவை முதலில் முயலுங்கள். அது பிடிக்காவிட்டால் உளி. போல்ட்டின் தலைக்கு அடியில் தட்டைப் பட்டை இருந்தால், அதன் விளிம்பில் கூரிய உளியை நேராக வைத்து ஒரு வெட்டு வெட்டி, பிறகு உளியை இடஞ்சுழித் திசையில் சாய்த்துத் தட்டுங்கள். தகட்டுச் சேம்பரில் இது பல முறை கைகொடுத்திருக்கிறது. அலுமினியச் சேம்பரில் உளியை எடுக்காதீர்கள்.

இதற்கு மேல் வெல்டிங்தான். மழுங்கிய தலையின் மேல் ஒரு பெரிய நட்டை வைத்து உட்புறமாகப் பற்றவைத்தால், புதுத் தலை கிடைப்பதோடு அந்தச் சூட்டிலேயே பிடிப்பும் விட்டுவிடும். ஆனால் இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல. எண்ணெயை மேல் வழியாக உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும், பேட்டரியின் இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும், அருகில் பெட்ரோல் கசிவு எதுவும் இருக்கக் கூடாது, தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கார் வேலை பழகிய வெல்டரிடம் மட்டும் கொடுங்கள்; கேட் பற்றவைப்பவரை அழைத்துவந்து காருக்கு அடியில் படுக்கவைக்காதீர்கள்.

அறிகுறி 4: தலையில் குழியுள்ள பிளக், குழியின் முனைகள் போய்விட்டன

ஆலன் கீ நுழையும் ஆறு பட்டைக் குழியும், சதுரக் குழியும் கியர் பாக்ஸ் பிளக்குகளில் அதிகம். பெரும்பாலும் குழிக்குள் இறுகிய மண்ணே காரணம். ஆணியாலும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷாலும் குழியின் அடி தெரியும்வரை சுரண்டிய பிறகே கீயை இறக்க வேண்டும். சதுரக் குழியில் இன்னொரு பொறி உண்டு: 10 மி.மீ. சதுரத்துக்கு 3/8 அங்குல ராட்செட்டின் முனையை நேராக மாட்டிவிடுவார்கள். அதன் அளவு 9.5 மி.மீ. மட்டுமே, அந்த அரை மில்லிமீட்டர் ஆட்டத்தில் முனைகள் உருண்டுவிடும். சரியான சதுரக் கீயை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கத்து லேத் பட்டறைகளில் அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம்.

குழி ஏற்கெனவே மழுங்கியிருந்தால், அதைவிடச் சற்றுப் பெரிய நட்சத்திர முனை பிட் ஒன்றை அடித்து இறக்கித் திருப்புங்கள். கியர் பாக்ஸ் உடல் அலுமினியம் என்பதால் பலமாக அடிக்க வேண்டாம். பிட்டும் சுழன்றுவிட்டால், அடுத்தது நட்டுப் பற்றவைப்பதுதான். அது பட்டறையின் வேலை.

அறிகுறி 5: போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

இங்கே மரை போய்விட்டது, அல்லது தகட்டுச் சேம்பரின் உட்புறம் ஒட்டவைத்திருக்கும் நட்டு அதன் ஒட்டுவிட்டுப் போல்ட்டோடு சேர்ந்து சுழல்கிறது. வாஷருக்கும் சேம்பருக்கும் இடையே மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைச் செருகி, வெளிப்புறமாக நெம்பிக்கொண்டே இடஞ்சுழியாகத் திருப்புங்கள். மரைதான் பழுது என்றால் இரண்டு மூன்று சுற்றில் வெளியேறத் தொடங்கும். கொஞ்சமும் வெளியே வராமல் ஒரே சீராகச் சுழன்றால் நட்டுதான் பெயர்ந்திருக்கிறது; சேம்பரை இறக்காமல் அதற்கு வழியில்லை.

வெளியே வந்த போல்ட்டின் மரையில் வெள்ளைச் சுருள் ஒட்டியிருந்தால், அது சேம்பரின் அலுமினிய மரை. அதே போல்ட்டை டெஃப்லான் டேப் சுற்றி மாட்டுவதும், எபாக்ஸி பூசி அடைப்பதும் நெடுஞ்சாலையில் எண்ணெய் முழுவதும் கொட்டி எஞ்சின் பிடித்துப்போவதற்கு வழி வகுக்கும். ஓரளவு பெரிய போல்ட்டைத் திணித்து மாட்டுவது பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோகும் வரைக்குமான ஏற்பாடு மட்டுமே. நிலையான தீர்வு, துளையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே இரும்புப் புஷ் ஏற்றி, பழைய அளவுப் போல்ட்டையே மாட்டுவது. மரை வெட்டும் கருவியில் கிரீஸ் தடவினால் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அரை லிட்டர் மலிவான எண்ணெயை மேலே ஊற்றி, திறந்த துளை வழியாக வடியவிட்டு மீதியைக் கழுவ வேண்டும். துளைக்கு அருகில் விரிசல் தெரிந்தால் புஷ் வேலைக்குப் பணம் செலவழிக்காமல் புதுச் சேம்பருக்குப் போய்விடுங்கள்.

அறிகுறி 6: தலை முறிந்து, தண்டு உள்ளேயே நிற்கிறது

பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும், வட்டமான தலையைவிட இது பெரும்பாலும் எளிது. இறுக்கத்தைத் தாங்கியது தலைதான். தலை போனதும் தண்டுக்குப் பிடிப்பு இல்லை. கூரிய பஞ்ச்சைத் தண்டின் ஓரத்தில் வைத்து இடஞ்சுழியாக மெல்லத் தட்டினாலே பல நேரம் திரும்பிவிடும். அடியில் எண்ணெய்ப் பாத்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு தட்டுங்கள். திரும்பவில்லை என்றால் நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர் போட வேண்டும். துளை நடு விலகினால் சேம்பரின் மரையையே தின்றுவிடும் என்பதால், டிரில் பிடித்துப் பழகாதவர் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

அறிகுறி 7: கழன்றது, மாட்டிய பிறகு சொட்டுகிறது

இறுக்கிப் பார்க்காதீர்கள், அடுத்த முறைக்கான பழுதை இன்றே செய்துவைக்கிறீர்கள். முதலில் பழைய வாஷர் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். எண்ணெய்க் கறை படிந்த பழைய வாஷர் சேம்பரின் பகுதி போலவே தெரியும். அதன் மேல் புது வாஷரை வைத்து மாட்டினால் நிச்சயம் கசியும். ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள். காப்பர் வாஷர் மட்டும் கைவசம் இருந்து, புதிது கிடைக்காத நேரத்தில், அதைக் கம்பியில் கோத்து அடுப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையாகும். அலுமினிய வாஷரை அப்படிக் காய்ச்சக் கூடாது, உருகிவிடும்.

உளியோ பிளையரோ பட்ட வண்டியில் சேம்பரின் முகத்தில் பிசிறு எழுந்திருக்கலாம். மெல்லிய எமரி தாளைத் தட்டையான கட்டையில் சுற்றித் தேய்த்து எடுங்கள். மழுங்கிய போல்ட்டை மீண்டும் மாட்டாதீர்கள், மரை அளவைக் காட்டிப் புதிது வாங்குங்கள். முதல் மூன்று நான்கு சுற்றுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். கை விரலுக்குத் தடை தெரிந்தால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், உடனே கழற்றி மறுபடி தொடங்குங்கள். கடைசியாக, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டைத் துணியால் துடைத்துவிட்டு, இரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். காலையில் அட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லாதிருந்தால் வண்டியை எடுக்கலாம்.